ஆடி விருந்துக்கு வந்த மிஷின் மாப்ளே

"நீங்களே எடுங்க மாப்ளே. தொழில் தெரிஞ்ச கை பக்கத்துல இருக்கையில நான் எடுத்தா நல்லாருக்காது" என்று சொல்லி, சின்னமுத்து மரம் அறுக்கிற மிஷினான செயின்சாவைத் தூக்கி வந்து மருமகன் காலடியில் வைத்தார்.

கார்த்தி பட்டு வேட்டியை லேசாக உயர்த்திக்கொண்டு அரையடி பின்னால் நகர்ந்தான். பாம்பைப் பார்த்தவன் நகர்கிற மாதிரிதான் இருந்தது. சட்டென்று சுதாரித்து, மரத்தின் நீளத்தை அளப்பவன் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

மரம் நல்ல பருமனான சில்வர் ஓக். விடியற்காலை அடித்த ஆடிக் காற்றில் வேரோடு சாய்ந்து, குரங்கணியிலிருந்து மேலே ஏறி வரும் ஜீப்புப் பாதையில் கோணலாகப் படுத்துக் கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் விஜயகுமாரின் ஜீப்பு. அதில் காய் பறிக்க வந்த பதினோரு பெண்கள். இந்தப் பக்கம் சின்னமுத்துவின் எட்டு ஏக்கர் ஏலத்தோட்டம், வீடு, நேற்றுப் பறித்த பச்சைக் காய் ஏழு மூட்டை. மதியத்துக்குள் ஜீப்பு ஏறி வந்து மூட்டைகளை எடுத்துப் போய் உலர்த்தாவிட்டால் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன ஏலக்காயை யார் சீந்துவார்கள்?

கார்த்தியின் கவலை காயைப் பற்றியது அல்ல.

அவனுக்குப் போடியில் ஒரு விவசாயக் கருவிக் கடையில் வேலை. செயின்சா விற்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. தலைக்கு என்ன மாட்ட வேண்டும், காலுக்கு என்ன மாட்ட வேண்டும், பெட்ரோலை எப்படிக் கலக்க வேண்டும், பல்லை எப்படித் தீட்ட வேண்டும் என்று கையேடு முழுவதும் மனப்பாடம். வாங்க வந்தவர்கள் கதை கேட்பது போல வாய் பிளந்து நிற்பார்கள். பேச்சு முடிந்ததும், "மனோஜு, அண்ணனுக்கு ஒரு கட்டையை அறுத்துக் காட்டு" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு விட்டுவிட்டு, கார்த்தி டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். மிஷின் சத்தம் கேட்கிற இடத்தில் அவன் நிற்க மாட்டான். பிறந்ததிலிருந்து ஒரு முருங்கைக் குச்சியைக்கூட அவன் மிஷினால் அறுத்ததில்லை.

பெண் பார்க்கப் போன அன்று தேவாரத்திலிருந்து வந்த பெரியப்பா சும்மா இருந்திருக்கலாம். "எங்க கார்த்தி கையில மிஷினைக் குடுத்தா அரை நாள்ல ஒரு காட்டையே படுக்க வச்சிருவான்" என்று அள்ளிவிட்டார். கார்த்தி மறுக்கவில்லை. எதிரே பவதாரணி காப்பித் தட்டோடு நின்றாள். மறுக்கிற நேரமா அது? மாமியாராகப் போகிற சுருளியம்மாள் மட்டும் அவனை ஏற இறங்கப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டார்.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. ஆடி விருந்துக்கு மாமனார் வீட்டுக்கு வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் அந்தப் பொய், ரோட்டின் குறுக்கே மரமாக வந்து விழுந்துவிட்டது.

"அறுத்துருவோம் மாமா" என்று கார்த்தி தொண்டையைச் செருமினான். "ஆனா வேட்டி கட்டிக்கிட்டு இதைத் தொடக் கூடாது. அதான் மொதச் சட்டம். தொளதொளன்னு எது இருந்தாலும் செயின் உள்ள இழுத்துரும்."

சின்னமுத்து தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். மடித்துக் கட்டிய லுங்கி, வெறுங்கால், வாயில் பீடி. இருபது வருஷமாக அவர் மரம் அறுக்கிற உடுப்பு அதுதான். இடது தொடையில் பூரான் படுத்த மாதிரி ஒரு நீளத் தழும்பு. வலது காலில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நேற்று வந்ததுமே மருமகனிடம் இரண்டையும் காட்டி, "இது போன வருஷம், அது அதுக்கு முந்தின வருஷம்" என்று பேரப்பிள்ளைகளை அறிமுகம் செய்வது போலச் சொல்லியிருந்தார்.

"என்ன சொன்னீக மாப்ளே?" என்று மேலேயிருந்து சுருளியம்மாள் கேட்டார். "காத்துல சரியா விழுகல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"வேட்டி, லுங்கி கட்டிக்கிட்டு மிஷினைத் தொடக் கூடாது அத்தை!"

"அப்படியா சேதி?" என்று புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருங்க, கால்சட்டை கொண்டாறேன்" என்று வீட்டுக்குள் போனார்.

கால்சட்டை இல்லை என்று சொல்வார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தான் கார்த்தி. வந்தது மாமனாரின் பழைய காக்கிக் கால்சட்டை. இரண்டு கார்த்திகள் தாராளமாகக் குடியிருக்கலாம். இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நின்றான்.

"காலுக்குப் பூட்ஸ் இல்லாம..."

"அட்டைப்பூச்சி கடிக்காம இருக்கப் போடுற ரப்பர் கம்பூட்ஸ் இருக்கு" என்று சுருளியம்மாள் வாக்கியம் முடியுமுன் நீட்டினார்.

"தலைக்கு ஹெல்மெட்டு..."

மரத்தின் அந்தப் பக்கமிருந்து விஜயகுமார், "என் பைக்கு ஹெல்மெட்டு ஜீப்புலதான்ணே கெடக்கு!" என்று தூக்கி எறிந்தான்.

"கண்ணுல தூள் தெறிக்கும். அதுக்குக் கண்ணாடி..."

சின்னமுத்து கண் புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடி அலமாரியிலிருந்து இறங்கி வந்தது. அதை மாட்டியதும் கார்த்திக்குக் காலைப் பொழுது சாயங்காலமாகிவிட்டது.

பெண்கள் ஒவ்வொருவராக மரத்தைத் தாண்டி வந்து மேட்டில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் அய்யம்மாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கல்யாணத்தன்னிக்குக்கூட மாப்ளே இம்புட்டு அலங்காரம் பண்ணலையே ஆத்தா!" என்றாள்.

"சும்மா இருங்க பெரியம்மா" என்று பவதாரணி சிரித்தபடி கைப்பேசியை உயர்த்தினாள். "என்னங்க, இப்படித் திரும்புங்க. வீடியோ எடுக்கறேன். எங்க சித்திமாருக்கெல்லாம் அனுப்பணும்."

கார்த்திக்கு வியர்த்தது. இனி ஒரே ஒரு சட்டம்தான் அவனைக் காப்பாற்ற முடியும். "மாமா, எல்லாம் சரி. ஆனா தொடைக்குத் தனியாத் தடுப்பு மாட்டணும். நல்ல கெட்டித் துணியில, உள்ள நூல் நூலா வச்சுத் தைச்சிருப்பாக. அது இல்லாம ஒரு தொழில்காரன் மிஷினைக் கையில எடுக்க மாட்டான். அது இங்க எங்க கிடைக்கப் போகுது? நாளைக்குப் போடியிலேருந்து நானே..."

"அண்ணே, இது ஆகுமா?"

விஜயகுமார் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தது கிரிக்கெட் மட்டையாளர்கள் கட்டுகிற பேடு. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ராசிங்காபுரத்தில் மேட்ச்.

"தம்பி, இது பந்துக்கு. செயினுக்குத் தாங்காது."

"அப்ப மேல சாக்கு சுத்திருவோம்" என்றார் சுருளியம்மாள். தொடைக்கு நாலு சுற்று சணல் சாக்கு, அதன் மேல் கயிறு, முழங்காலுக்குக் கீழே பேடு என்று கட்டி முடித்தபோது கார்த்திக்கு முழங்கால் மடங்கவில்லை. தேர் மாதிரி திரும்பினான்.

"வேற என்ன மாப்ளே? விட்டுறாம ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்று சுருளியம்மாள் ஆசையாகக் கேட்டார். இந்த அம்மாள் தன்னை ஒரேயடியாக மாட்டிவிடத்தான் நிற்கிறார் போலிருக்கிறது என்று கார்த்தி மனம் நொந்தான்.

"பெட்ரோலு" என்றான் கடைசியாக. "பழைய பெட்ரோல் ஆகாது. புதுசா எடுத்து, லிட்டருக்கு இருபது மில்லி டூ-டி ஆயில் அளந்து ஊத்தணும். கண்ணளவுல ஊத்தினா இஞ்சின் கருகிப் போகும்."

சின்னமுத்து தலையைச் சொறிந்தார். "நான் ஒரு குத்துமதிப்பா ஊத்துவேன் மாப்ளே. அளக்கறதுக்கு எங்க போறது?"

கார்த்தி மூச்சு விட்டான். பாதி மூச்சு வெளியே வருவதற்குள் சுருளியம்மாள் இருமல் மருந்துப் புட்டியின் மூடியோடு வந்து நின்றார். "இதுல பத்துன்னு கோடு போட்டிருக்கு மாப்ளே. ரெண்டு மூடி ஊத்தினா இருபதுதான?"

விஜயகுமார் கேனிலிருந்த புதுப் பெட்ரோலைக் கொடுத்தான். கார்த்தி குனிய முடியாமல் குனிந்து அளந்து கலந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் சின்னமுத்து அணைந்த பீடியை மறுபடி பற்றவைக்கத் தீப்பெட்டியைத் திறந்தார்.

"யோவ்!"

மலையே ஒரு கணம் நின்றது. மாமனாரை யோவ் என்று கூப்பிட்ட முதல் மருமகன் அந்தப் பக்கத்தில் அவனாகத்தான் இருப்பான். கார்த்தி சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தப்பா நெனைக்காதீக மாமா. பெட்ரோல் ஊத்தற இடத்துல நெருப்பு... பத்தடி தள்ளி... ஆவி பிடிச்சுக்கிரும்..."

சின்னமுத்து பீடியைக் காதில் சொருகிக்கொண்டார். சுருளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினார். அழுகிறார் என்றே கார்த்தி நினைத்தான்.

மிஷினைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொரு வழி தெரிந்தது. செயின் பழைய சைக்கிள் செயின் மாதிரித் தொங்கியது. "மாமா, இம்புட்டு லூசா இருந்தா அந்துக்கிட்டு வந்து மூஞ்சியில அடிச்சுரும். கையுறை போட்டு இழுத்தா வழுக்கி வரணும், ஆனா செயின் ஓடுற இரும்புப் பட்டையை விட்டுத் தொங்கக் கூடாது. அதோட பல்லு மழுங்கிக் கெடக்கு. அறுக்கும்போது சீவல் சீவலா விழணும். உங்களுக்கு மாவு மாதிரி விழுகுமே?"

"ஆமா! மாவாத்தான் விழுகும்" என்று சின்னமுத்து வியந்தார். "நான் மரத்துக் குத்தம்னுல்ல நெனச்சேன்!"

கார்த்தி ஸ்பேனர் வாங்கிச் செயினைக் கழற்றினான். செயின் ஓடுகிற பள்ளத்தில் எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து களி மாதிரி அடைத்திருந்தது. அதைக் குச்சியால் வழித்தான். வட்ட அரத்தை எடுத்து, முப்பத்துநாலு பல்லையும் உள்ளிருந்து வெளியே, பல்லுக்கு மூன்று இழுப்பு வீதம், எண்ணி எண்ணித் தீட்டினான். இதில் ஒரு மணி நேரம் போயிற்று. இவ்வளவு நேரத்தில் யாராவது அலுத்துப்போய் கோடாலியைத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. அய்யம்மாள் மட்டும் ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, "பல்லு வெளக்கி முடிஞ்சுச்சா? இல்ல, வாய் கொப்புளிக்கணுமா?" என்று கேட்டாள்.

அவசர அவசரமாகச் செயினைத் திரும்ப மாட்டினான். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் படம் கண்ணில் நின்றது. மேல் வரிசைப் பல்லெல்லாம் இடது பக்கம் பார்க்கும். அப்படியே மாட்டினான். படத்தில் மிஷினின் பட்டை இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதும், இங்கே வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் அப்போது அவன் புத்தியில் ஏறவில்லை.

"எல்லாரும் தள்ளிப் போங்க! மரத்து நீளத்துக்கு ரெண்டு பங்கு தள்ளி நிக்கணும். பள்ளத்துப் பக்கம் ஒரு ஆளு நிக்கக் கூடாது!"

நின்றார்கள். இனிச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

மிஷினைத் தரையில் வைத்தான். செயின் பிரேக்கைப் போட்டுத்தான் கிளப்ப வேண்டும் என்று உரக்கச் சொல்லிப் பிரேக்கைப் போட்டான். பின்கைப்பிடியை மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு.

"சோக்கை இழுத்தீங்களாண்ணே?" என்றான் விஜயகுமார்.

இழுத்தான். ஒன்பதாவது இழுப்பில் மிஷின் 'டர்ர்ர்' என்று உறுமியது. கார்த்தி துள்ளிப் பின்னால் போனான். முழங்கால் மடங்காததால் தூக்கி வைத்த அம்மி சாய்வது போல அப்படியே ஓர் ஏலச் செடித் தூருக்குள் உட்கார்ந்துவிட்டான்.

"செடி! செடி!" என்று நாலு பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். மாப்பிள்ளையைப் பற்றி யாரும் கத்தவில்லை.

எழுந்து வந்து பார்த்தவனுக்கு உயிர் வந்தது. இஞ்சின் ஓடுகிறது, செயின் ஓடவில்லை! "பாத்தீங்களா மாமா? செயின் சுத்தல. உள்ளுக்குள்ள பெரிய கோளாறு. மனோஜுதான் வந்து..."

"நீங்கதானண்ணே இப்பப் பிரேக்கு போட்டீங்க?" என்றான் விஜயகுமார். "எடுத்து விடுங்க, ஓடும்."

அந்த நிமிஷத்தில் கார்த்தி உலகத்தில் அதிகமாக வெறுத்தது விஜயகுமாரைத்தான். பிரேக்கை எடுத்தான். கண்ணை மூடினான். இரண்டு கையாலும் இறுகப் பிடித்து மிஷினை மரத்தின் மேல் வைத்தான்.

மரம் அறுபடவில்லை. புகைந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு சமையல்கட்டுப் புகை மாதிரி.

"மாமனார் பீடியைப் பிடுங்கிட்டு மாப்ளே மரத்துக்குக் குடுத்துட்டாரு!" என்றாள் அய்யம்மாள்.

கார்த்தி மிஷினை நிறுத்தினான். சின்னமுத்து கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"மாப்ளே... பல்லெல்லாம் திரும்பிக்கிட்டு நிக்குதே? இது எதுவும் புது முறையா?"

கறுப்புக் கண்ணாடிக்குள் கார்த்தியின் கண்கள் நிறைந்தன. ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மாமா, எனக்கு இதை ஓட்டத் தெரியாது."

"என்னது?"

"விக்கத்தான் தெரியும். இது வரைக்கும் ஒரு குச்சியக்கூட அறுத்ததில்ல. சத்தம் கேட்டாலே பயம்."

"அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க பெரியப்பா சொன்னது?"

"பொய்யி மாமா."

"நீங்க தலையாட்டுனது?"

"அதுவும் பொய்யிதான் மாமா."

பவதாரணி மெதுவாகக் கைப்பேசியை இறக்கினாள். "என்னங்க, இதெல்லாம் வீடியோவுல விழுந்துருச்சு" என்றாள் சின்னக் குரலில். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு மாசத்துக் குடித்தனம் இந்தச் சில்வர் ஓக்கோடு சாய்ந்துவிட்டது என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

சின்னமுத்து பெருமூச்சு விட்டார். செயினைக் கழற்றித் திருப்பி மாட்டினார். காதிலிருந்த பீடியை வாய்க்கு மாற்றினார். லுங்கியை இறுக்கி மடித்துக் கட்டி, "சரி விடுங்க, நமக்குப் பழக்கமான சோலிதான" என்று வெறுங்காலோடு மிஷினைத் தூக்கினார்.

"வைங்க கீழ!"

கார்த்தியின் குரல்தான். ஆனால் இவ்வளவு நேரம் கேட்ட குரல் அல்ல. "இன்னொரு விரலும் போகணுமா? லுங்கியோட தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல? மொதல்ல பீடியைத் தூரப் போடுங்க!"

சின்னமுத்து மனைவியைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களைப் பார்த்தார். பதினோரு பேரும், "மாப்ளே சொல்றாகள்ல?" என்கிற மாதிரிப் பார்த்தார்கள். புது மாப்பிள்ளை சொல்லைத் தட்டினால் ஊர் என்ன பேசும்? மிஷினைக் கீழே வைத்தார்.

ஹெல்மெட்டு, கண்ணாடி, கால்சட்டை, சாக்கு, பேடு, கம்பூட்ஸ் எல்லாம் மருமகன் உடம்பிலிருந்து மாமனார் உடம்புக்கு மாறின. கயிறுகளை இறுக்கியது சுருளியம்மாள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை போட்டார்.

பட்டு வேட்டிக்குத் திரும்பிய கார்த்தி நல்ல தூரம் தள்ளி மேட்டில் நின்றுகொண்டு கத்தினான். "மாமா, கீழ்ப் பக்கம் நிக்காதீக! மேல்பக்கம் ஏறி வாங்க!"

"இருவது வருஷமா நான் கீழ நின்னுதான் மாப்ளே அறுக்கறேன்."

"மேல வாங்க மாமா!"

வந்தார்.

"மரம் ரெண்டு பக்கமும் தாங்கி நடுவுல தொங்குது. ஒரேயடியா மேலருந்து அறுத்தா மிஷினைக் கவ்விக்கிரும். மேல கொஞ்சம் வெட்டிட்டு அப்புறம் அடியிலருந்து வெட்டுங்க! நுனி படக் கூடாது, பட்டா ஒங்க மூஞ்சிக்கு எகிறும்!"

தீட்டிய பல் வெண்ணெயில் போவது போலப் போயிற்று. தூள் பறக்கவில்லை. சீவல் சீவலாகக் கொட்டியது. ஒரு வெட்டு முடிந்து, இரண்டாவது வெட்டும் முடிந்ததுதான் தாமதம். நடுத்துண்டு திம்மென்று இறங்கி, ஒரு புரள் புரண்டு, பாதையின் கீழ்ப் பக்கம் பாய்ந்தது. சின்னமுத்து முதலில் நின்ற அதே இடத்தை உழுதுகொண்டு, இரண்டு ஏலத் தூர்களைச் சப்பையாக்கி, பள்ளத்தில் ஒரு பலா மரத்தில் மோதி நின்றது.

சின்னமுத்து மிஷினை நிறுத்தினார். பிரேக்கை யாரும் சொல்லாமலே போட்டார். சப்பையாகிக் கிடந்த தூர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜீப்பு உறுமிக்கொண்டு மேலே ஏறியது. மூட்டைகள் ஏறின. கார்த்தி வீட்டுக்குள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். இதே ஜீப்பில் கீழே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான். பவதாரணி வாசலிலேயே நின்று, "பையை எதுக்குத் தூக்கறீங்க?" என்றாள். அவன் நேராக மாமியார் முன்னால் போய் நின்றான்.

"அத்தை, என்னைய மன்னிச்சிருங்க. தைரியசாலின்னு ஏமாத்தி ஒங்க பொண்ணைக் கட்டிட்டேன்."

சுருளியம்மாள் அவன் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கப் போன அய்யம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏமாத்துனீகளா? நல்ல கூத்து! மிஷினைத் தொட நடுங்கிக்கிட்டுச் சட்டம் மட்டும் பேசுற ஆளு எவருன்னு போடி பூராம் விசாரிச்சு, ஒங்க கடைக்கு எதுத்தாப்புல என்னையும் கூட்டிக்கிட்டு மூணு நாளு நின்னு பாத்துட்டு, 'எம் புருசனுக்கு மிச்சமிருக்கற காலு தப்பணும்னா இவருதான் நமக்கு மாப்ளே'ன்னுல்ல ஒங்க அத்தை பொண்ணைக் குடுத்துச்சு!"